பெட்டிக்குள் வைத்த உருவம்

2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில் அமைக்கும் நாள்கள். நம் மாவட்டத்துக் கடற்கரைப் பங்கு ஒன்றில், கோயில் முற்றத்தில் இளைஞர்கள் மூங்கிலும் வைக்கோலுமாக வேலையில் இருந்தனர். நாமும் அருகில் நின்றுகொண்டிருந்தோம். வேலைக்கு நடுவே ஓர் இளைஞர் தம் கைப்பேசியை எடுத்துத் திண்ணையில் அமர்ந்திருந்த தம் பாட்டாவிடம் ஒரு படத்தைக் காட்டினார். பளபளக்கும் அட்டைப் பெட்டி. அதன் முன்புறம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரு சாண் உயரப் பொம்மையாக அந்தப் பாட்டாவே நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஒரு துடுப்பு, ஒரு சிறு வலை, ஒரு ஜெபமாலை, ஒரு தேநீர்க் கோப்பை. பெட்டியின் நெற்றியில் கொட்டை எழுத்தில் அவருடைய பெயர்.

கூடியிருந்தவர்கள் சிரித்து மகிழ்ந்தனர். முதியவரும் சிரித்தார். பிறகு கண்களைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நான்தானா மக்கா? கன்னத்துல கெடந்த தழும்பு எங்க?" என்று கேட்டார்.

அந்தத் தழும்பு 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது அவருக்கு வந்தது. அன்று அவரோடு ஒரே படகில் சென்ற ஒருவர் கரை திரும்பவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி இது. ஆகவே அவருடைய கேள்விக்குப் பின் சிரிப்பு அடங்கிவிட்டது. படத்தை உருவாக்கிய இளைஞரிடமும் விடை இல்லை. அவர் தழும்பை அழிக்கச் சொல்லவில்லை. இயந்திரம் தானாகவே அதை அழித்திருந்தது.

அந்தக் கேள்வி நம்மோடு வீடுவரை வந்தது. மனிதன் தன்னுடைய உருவத்தைச் சிறியதாகச் செய்து பார்க்க விரும்புவது இன்று நேற்றுத் தோன்றிய ஆசையன்று. ஆனால் அவ்வுருவத்தை அவன் யாருக்காகச் செய்தான், அதன் கையில் எதைக் கொடுத்தான், அதன் உடலில் எந்த அடையாளத்தை விட்டுவைத்தான் என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது இன்றைய புதுமையை எடைபோட நமக்கு உதவும்.

பொம்மைக்கு வந்த புதுப்பெயர்

முதலில் இப்புதுமை வந்த வழியைக் காண்போம். 2025 மார்ச் 25 அன்று, ஓப்பன் ஏஐ என்னும் அமெரிக்க நிறுவனம் தன்னுடைய சாட்ஜிபிடியில் படம் வரையும் புதிய ஆற்றலைச் சேர்த்தது. ஒருவர் தம் நிழற்படத்தைக் கொடுத்து, வேண்டியதை எழுத்தில் சொன்னால் போதும். சில நொடிகளில் படம் வந்துவிடும். ஜப்பானிய ஓவியப் பாணியில் தங்கள் குடும்பப் படங்களை மாற்றிப் பார்க்க உலகமே முந்தியது. முதல் வாரத்திலேயே 13 கோடிக்கும் மேற்பட்டோர் 70 கோடிக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கிவிட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஏப்ரல் மாதத்தில், தம்மையே கடைப் பொம்மையாக்கிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் பழக்கம் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று கூகுள் நிறுவனம் தன் ஜெமினியில் 'நானோ பனானா' என்னும் செல்லப்பெயர் பெற்ற படக்கருவியை வெளியிட்டது. செப்டம்பரில், மேசைமேல் நிற்கும் சிற்றுருவமாகத் தம்மை மாற்றிப் பார்க்காத கல்லூரி மாணவர் நம் ஊர்களில் குறைவு என்னும் அளவுக்கு அது பெருகிற்று.

ஆங்கிலத்தில் இதனை 'ஆக்ஷன் ஃபிகர்' என்கின்றனர். இப்பெயரே வணிகத்தில் பிறந்தது. 1959ஆம் ஆண்டு நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி என்னும் பெண் பொம்மை அறிமுகமாகிப் பெரும் விற்பனை கண்டது. ஆண் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்றைச் செய்து விற்க வேண்டும் என்று ஹாஸ்ப்ரோ நிறுவனம் எண்ணியது. ஆனால், 'பொம்மை' என்றால் ஆண் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கப் பெற்றோர் தயங்குவார்களே! எனவே 1964இல் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரமுள்ள ஜி.ஐ. ஜோ என்னும் படைவீரனை வெளியிட்டபோது, பொம்மை என்ற சொல்லை விலக்கிவிட்டு, 'செயல்புரியும் உருவம்' என்று பொருள்படும் இப்புதிய பெயரைச் சூட்டினர். பொருள் பழையது, பெயர் மட்டும் புதியது.

அந்த வீரனின் வலக்கன்னத்தில் ஒரு தழும்பு இருந்தது. எந்தப் போரிலும் பெற்ற தழும்பன்று அது. மனித உடலின் வடிவத்துக்கு எவரும் தனியுரிமை கோர முடியாது. ஆகவே பிறர் போலி செய்தால் கண்டுபிடிப்பதற்காகக் கன்னத்தில் தழும்பையும், வலக்கைப் பெருவிரலின் உட்புறத்தில் நகத்தையும் வைத்தனர். விற்பவரின் உரிமையைக் காக்கும் முத்திரையே அது.

இன்னொரு செய்தியும் நினைக்கத்தக்கது. 1977ஆம் ஆண்டு 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் பெருவெற்றி பெற்றது. அதன் கதைமாந்தரைப் பொம்மைகளாகச் செய்யும் உரிமை பெற்றிருந்த கென்னர் நிறுவனத்தால் அவ்வாண்டு கிறிஸ்துமசுக்குள் அவற்றைச் செய்து முடிக்க இயலவில்லை. என்ன செய்தனர்? பொம்மை இல்லாத அட்டை உறையையும், பின்னர் பொம்மையைப் பெற்றுக்கொள்வதற்கான சீட்டையும் விற்றனர். மக்கள் அதையும் வாங்கினர். 1978இல் பொம்மைகள் வீடு தேடி வந்தன. அன்று வெறும் உறையை வாங்கியவர்களுக்குப் பிறகேனும் ஒரு பொம்மை கிடைத்தது. இன்றைய பெட்டிப் படத்திலோ பெட்டியும் இல்லை, பொம்மையும் இல்லை. விற்பனைக்கு வைத்ததுபோல் நிற்கும் நம் முகம் மட்டுமே உண்டு.

நாஞ்சில் மண்ணின் சிற்றுருவங்கள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலின் நீண்ட பிரகாரங்களில் நடந்தவர்கள், தூண்தோறும் கைகளில் அகல் ஏந்தி நிற்கும் பாவைகளைக் கண்டிருப்பார்கள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலிலும் அவ்வாறே நிற்கின்றன. கொண்டையும் அணிகலனும் ஆடையின் மடிப்பும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. எல்லாப் பாவைக்கும் பொதுவானது கையிலுள்ள விளக்கு ஒன்றே. பெயர் எழுதாத அப்பாவைகள், எண்ணெய் வார்க்க வருபவருக்காக நூற்றாண்டுகளாகக் கையேந்தி நிற்கின்றன.

தஞ்சை மண்டலத்தில் திருவிடைமருதூர்க் கோவிலில் பித்தளையால் ஆன ஒரு பாவை விளக்கு இருக்கிறது. அதை வைத்தவர் யார் என்பதும் தெரியும். அதன் பீடத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தஞ்சை மராத்திய அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண், தாம் விரும்பிய இளவரசரை மணந்தால் இலட்சம் விளக்கு ஏற்றுவதாக வேண்டிக்கொண்டார். வேண்டுதல் நிறைவேறியது. 1853ஆம் ஆண்டு இலட்ச தீபம் ஏற்றியபோது, அவ்விளக்குகளுள் ஒன்றாகத் தம் உருவத்தையே வார்த்து நிறுத்தினார். தம்மைச் சிறு உருவமாக்கிப் பார்க்கும் ஆசை அவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வுருவத்தின் கையில் அவர் கொடுத்தது பிறருக்கு ஒளி தரும் ஓர் அகல்.

அரசகுலத்தார் பித்தளையில் செய்ததை ஏழை எளியவர் மண்ணிலும் மெழுகிலும் தகட்டிலும் செய்தனர். கிராமத்துக் கோவில்களில் சுடுமண்ணால் செய்து வைக்கும் உருவங்களுக்கு 'உருவாரம்' என்று பெயர். மண்டைக்காட்டில் தலைநோய் தீர மண்டையப்பம் படைக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். நம் ஆலயங்களிலும் கை, கால், கண், குழந்தை, முழு ஆள் உருவம் ஆகியவற்றை வெள்ளித் தகட்டில் வெட்டிக் காணிக்கை செலுத்துகிறோம். வேளாங்கண்ணிக்குச் சென்றவர்கள், அங்கே காணிக்கைப் பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடத்தில் இத்தகைய உருவங்களைக் கண்டு வியந்திருப்பார்கள். 'நேர்ச்சை' என்று நம் பாட்டிமார் சொல்லும் அந்தச் சொல்லுக்குள் ஒரு முழு இறையியல் அடங்கியிருக்கிறது. நோயுற்ற காலின் உருவத்தைத் தகட்டில் வெட்டி வைப்பவர், தம் அழகான உறுப்பைத் தேர்ந்து வைப்பதில்லை. வலித்த உறுப்பையே வைக்கிறார். காயத்தை மறைக்காமல் காட்டுகிறார். காட்டுவதும் ஊருக்கன்று, கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் இடையிலான நன்றிக்கடன் அது.

இவ்வுருவங்களில் முகச் சாயலை யாரும் தேடியதில்லை. சந்தைக் கடையில் வாங்கிய தகட்டு உருவம் யாரையும் ஒத்திருக்காது. ஆயினும், 'இது என் மகன்' என்று சொல்லி ஒரு தாய் அதைப் பீடத்தில் வைக்கும்போது அது அவள் மகனாகவே ஆகிவிடுகிறது. சாயல் சிறிதும் இல்லாத அவ்வுருவத்தில் உண்மை நிறைந்திருந்தது. இன்றைய பெட்டிப் படத்தில் சாயல் நிறைந்திருக்கிறது. உண்மை எவ்வளவு என்பதைத்தான் அந்தப் பாட்டா கேட்டார்.

மறைசாட்சியின் முகம்

நம்மவருக்கு மிக நெருங்கிய ஓர் உருவத்தை இங்கே எண்ணிப் பார்ப்போம். நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனைப் பணியில் உயர்ந்தவர் நீலகண்டன். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டு, பின்னர் அவருடைய படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்பதன் தமிழ் வடிவமான தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். 1749இல் சிறைப்பட்டார். கழுத்தில் எருக்கம்பூ மாலையிட்டு, எருமைமேல் பின்னோக்கி அமர்த்தி, ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அவருடைய எலும்புகளை மக்கள் அடக்கம் செய்தனர். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டார். இந்தியாவின் பொதுநிலையினரிலிருந்து புனிதர் நிலைக்கு உயர்ந்த முதல்வர் அவரே.

இன்று நம் வீடுகளிலும் வாகனங்களிலும் அவருடைய சிறு சுரூபங்களைக் காண்கிறோம். கைகளில் விலங்கு, இடையில் வேட்டி, மண்டியிட்டுக் குவித்த கரங்கள். நிழற்படக் கலை உலகுக்கு அறிமுகமானது 1839இல். அவர் இறந்து 87 ஆண்டுகள் கழித்து. ஆகவே நாம் காணும் முகம், சிற்பியின் கையும் மக்களின் பக்தியும் சேர்ந்து உருவாக்கிய முகம். ஆனால் அச்சுரூபத்தை எவரும் தவறாக அடையாளம் கண்டதில்லை. அந்த விலங்கைக் கண்டதும் சிறு பிள்ளையும், "தேவசகாயம்" என்று சொல்லிவிடுகிறது.

எல்லாப் புனிதர்களுக்கும் இது பொருந்தும். அந்தோணியார் கையில் குழந்தை இயேசு. செபஸ்தியார் உடலில் அம்புகள். ஆரோக்கியநாதரின் காலில் புண், அருகில் நாய். பெட்டிக்குள் பொம்மையோடு வைக்கும் துணைப்பொருள்களைப் போன்றவைதாமே இவையும் என்று ஓர் இளைஞர் கேட்கலாம். நல்ல கேள்விதான். இரண்டும் ஒரே இலக்கணத்தைச் சார்ந்தவை. ஒரு மனிதரை அவர் பக்கத்தில் இருக்கும் பொருளால் அறிகிறோம். வேறுபாடு அந்தப் பொருள் வந்த வழியில் இருக்கிறது. பெட்டிப் படத்தில் நாம் விரும்பி அடுக்குவது மடிக்கணினி, காப்பிக் கோப்பை, விலை உயர்ந்த காலணி. அவை நாம் வைத்திருப்பவை. சுரூபத்தில் இருக்கும் அம்பும் விலங்கும் புண்ணும் அவர்கள் கொடுத்ததற்குச் சான்றாக நிற்பவை. எந்தப் புனிதரும் தமக்கான அடையாளத்தைத் தாமே தேர்ந்துகொள்ளவில்லை. அவர்களுடைய வாழ்க்கையைக் கண்டவர்கள் பின்னர் அதை அவர்கள் கையில் வைத்தார்கள்.

முகம் தெரியாதவருக்கு முகம் கொடுப்பது பிழையா என்றால், இல்லை என்பதற்குக் குமரிமுனையே சான்று. திருவள்ளுவரின் முகத்தை நம்மில் யார் கண்டோம்? ஓவியர் வேணுகோபால் சர்மா சிந்தித்து வரைந்த உருவம் 1960இல் அஞ்சல்தலையில் வந்து தமிழர் நெஞ்சில் நிலைத்தது. கணபதி ஸ்தபதி கடல் நடுவே எழுப்பிய சிலை 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அச்சிலையின் உயரம் 133 அடி. அதிகாரங்களின் எண்ணிக்கையும் 133. பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கிறது. அளவுகூட அவர் தந்த நூலிலிருந்தே வந்தது. கற்பனை முகமாயினும், அவர் கொடுத்ததன்மேல் நிற்கும் உருவம் அது.

பொதுச்சங்கம் காட்டிய வழி

உருவங்களைப் பற்றித் திருச்சபை பெரும் போராட்டத்துக்குப் பின்னரே தெளிவு பெற்றது. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்கள் புனித உருவங்களை உடைக்க ஆணையிட்டனர். தமஸ்கு நகர யோவான் அவற்றைக் காக்க எழுதினார். துறவியர் பலர் துன்புற்றனர். இறுதியில் 787ஆம் ஆண்டு நிசேயா நகரில் கூடிய இரண்டாம் பொதுச்சங்கம் ஒரு தெளிவான நெறியை வகுத்தது. உருவத்துக்குச் செய்யும் வணக்கம் உருவத்தோடு நின்றுவிடுவதில்லை. அவ்வுருவம் யாரைக் குறிக்கிறதோ அவரைச் சென்றடைகிறது என்பதே அது. மரமும் மண்ணும் ஒரு வாசல். வாசலைத் தாண்டி உள்ளே செல்ல வேண்டும்.

அந்த நெறியை இன்றைய படத்துக்கும் உரைகல்லாக வைக்கலாம். பெட்டிப் பொம்மையைப் பார்ப்பவரின் பார்வை அந்த மனிதரைச் சென்று சேர்கிறதா, பெட்டியிலேயே நின்றுவிடுகிறதா? இயந்திரம் எண்ணற்ற படங்களைப் பயின்று, ஒரு முகம் பொதுவாக எப்படி இருக்கும் என்று கணித்து வரைகிறது. ஆகையால் பல வேளைகளில் சுருக்கம் நீங்குகிறது, தோல் வெளுக்கிறது, தழும்பு மறைகிறது. அந்த ஒருவருக்கே உரியது போய், எல்லோருக்கும் பொதுவானது வந்து அமர்கிறது. முதல் பொம்மைவீரனுக்கு வாணிகம் இல்லாத தழும்பை இட்டது. இன்றைய கருவியோ இருந்த தழும்பை எடுத்துவிட்டது.

மார்சேய் நகரத்து மண்பொம்மைகள்

சாதாரண மனிதர்களைச் சிறு உருவமாக்கி மகிழ்வது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. திருச்சபையின் வரலாற்றிலேயே அதற்கு அழகிய முன்மாதிரி உண்டு.

1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், இத்தாலியின் கிரேச்சியோ மலையூரில் அசிசி நகர பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டு முதல் குடிலை அமைத்தார். பொம்மைகள் இல்லை, ஊர் மக்களே தீவட்டி ஏந்திக் குடிலுக்கு வந்தனர். ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பின், பிரெஞ்சுப் புரட்சியின்போது ஆலயங்கள் மூடப்பட்டன. நள்ளிரவுத் திருப்பலியும் ஆலயக் குடில்களும் நின்றுபோயின. அப்போது மார்சேய் நகரில் ழான் லூயி லாஞேல் என்னும் கைவினைஞர், ஏழைகளும் வாங்கித் தம் வீட்டிலேயே குடில் அமைக்கும்படி, அச்சில் வார்த்த மலிவான மண்பொம்மைகளைச் செய்தார். 'சிறு புனிதர்' என்று பொருள்படும் 'சாந்தோன்' என்பது அவற்றின் பெயர். 1803 முதல் அங்கே அவற்றுக்கென்று ஒரு சந்தையே கூடலாயிற்று.

அப்பொம்மைகளில் யார் யார் இருக்கிறார்கள்? மாவுமூட்டை சுமந்த ஆலைக்காரர், மீன் விற்கும் பெண், கத்தி சாணை பிடிப்பவர், ஆட்டுக்குட்டியைத் தோளில் தூக்கிய இடையர். எல்லோரும் அவ்வூரின் அன்றாட மனிதர்கள். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் தொழிலின் பொருள் இருக்கிறது. அவை அலங்காரத்துக்காக வைத்தவையல்ல. குழந்தை இயேசுவுக்குக் கொண்டு செல்லும் காணிக்கைகள். அக்கூட்டத்தில் இரு கைகளையும் மேலே தூக்கி வியந்து நிற்கும் ஓர் ஏழையும் உண்டு. 'ரவி' என்று அவனை அழைக்கின்றனர். அவன் கையில் ஒன்றுமே இல்லை. கொடுக்க ஒன்றும் இல்லாதவன் தன் வியப்பையே கொடுக்கிறான். பெட்டிக்குள் அடைத்து விற்கும் பொம்மைகளின் உலகில் வெறுங்கையனுக்கு இடம் கிடைக்குமா? குடிலில் அவனுக்கும் இடம் உண்டு.

நம் குடில்களிலும் இத்தகையோருக்கு இடம் தரலாமே! முருக்குத்தடியும் கலயமும் ஏந்திய பனையேறும் தொழிலாளி. கடவத்தில் மீன் சுமந்து ஊர் ஊராக நடக்கும் தாய். விடியுமுன்னே ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டிச் சிரட்டையில் சேர்ப்பவர். 'அண்டி ஆபீஸ்' என்று நம்மவர் சொல்லும் முந்திரி ஆலையில் தோடு உடைத்துக் கறைபடிந்த விரல்களோடு வீடு திரும்பும் பெண். இவர்களும் பெத்லகேமுக்குப் போகும் வழியில் நடக்கிறவர்களே.

விழிப்போடு ஒரு மகிழ்ச்சி

இப்புதிய கருவியால் நன்மையே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. மறைந்த தந்தையின் மங்கிய படத்தைத் தெளிவாக்கி, மகளின் திருமணப் படத்தில் அருகே நிறுத்தித் தருகிறார்கள். ஒக்கிப் புயலில் உடல்கூடக் கிடைக்காமல் போன குடும்பங்களில், சுவரில் தொங்கும் படம் ஒன்றே எஞ்சிய செல்வம். அத்தகைய வீட்டில் ஒரு படம் தரும் ஆறுதலை எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை.

ஆனால் விழிப்பு வேண்டும். 2023 மார்ச்சில், திருத்தந்தை பிரான்சிஸ் வெள்ளை நிறப் பருத்த மேலாடை அணிந்து நடப்பதுபோன்ற படம் உலகெங்கும் பரவியது; இயந்திரம் வரைந்த அந்தப் படத்தை உண்மையென்றே பலர் நம்பினர். 2024ஆம் ஆண்டுக்கான உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில், இத்தகைய பொய்ப் படங்களுக்குத் தாமும் இலக்கானதை அவரே குறிப்பிட்டார். 2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, தாம் இப்பெயரைத் தேர்ந்ததற்கான காரணத்தைக் கர்தினால்களிடம் கூறியபோது, 1891இல் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்து, இன்று செயற்கை நுண்ணறிவு எழுப்பும் கேள்விகளை மனித மாண்பின் கேள்விகளாகச் சுட்டினார்.

நம் வீட்டளவில் செய்யத்தக்கவை எளியவை. பிறர் முகத்தை, குறிப்பாகச் சிறு பிள்ளைகளின் முகத்தை, அவர்தம் அல்லது பெற்றோரின் ஒப்புதல் இன்றி இக்கருவிகளிடம் கொடுக்க வேண்டாம். ஒருமுறை கொடுத்த படம் எங்கே, எத்தனை காலம் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. இயந்திரம் வரைந்ததை இயந்திரம் வரைந்தது என்று சொல்லியே பிறருக்கு அனுப்புவோம். அதற்கும் மேலாக, நம் முகத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து மகிழும் நேரத்தில் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்: நம்மை அறிந்தவர்கள் நம் கையில் எந்தப் பொருளை வைப்பார்கள்?

சீசரின் உருவம் பொறித்த நாணயத்தைக் காட்டி ஆண்டவர் சொன்ன மறுமொழியைத் திருச்சபைத் தந்தையர் இவ்வாறு விரித்துரைத்தனர்: நாணயத்தில் சீசரின் உருவம் இருப்பதால் அது சீசருக்கு உரியது, மனிதனில் இறைவனின் சாயல் இருப்பதால் அவன் இறைவனுக்கு உரியவன். விலைச்சீட்டு ஒட்டிய பெட்டி அவனுக்குரிய இடமன்று.

மீண்டும் அந்தக் கோயில் முற்றத்துக்கு வருவோம். பாட்டாவின் கேள்வியைக் கேட்ட பேரன், தழும்பைச் சேர்க்கும்படி இயந்திரத்துக்கு மீண்டும் எழுதினார். சேர்த்தது, ஆனால் மறு கன்னத்தில் வைத்துவிட்டது. முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது வேற ஆளு மக்கா" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் குடிலைப் பார்க்கச் சென்றோம். இடையர்களுக்குப் பின்னால், தோளில் வலையோடு ஒரு களிமண் மீனவர் நின்றார். கடையில் வாங்கியதன்று, கைவிரல் தடம் பதிந்த, சற்றே கோணலான உருவம். மூக்கு சரியாக அமையவில்லை. யாருடைய சாயலும் அதில் இல்லை. ஆனால் ஈரக் களிமண்ணில் நகத்தால் கீறிய ஒரு கோடு அதன் கன்னத்தில் இருந்தது. எந்தக் கன்னத்தில் இருக்க வேண்டுமோ அந்தக் கன்னத்திலேயே இருந்தது. அந்த மீனவருக்கு அருகில், அதே வலையின் மறுமுனையைப் பிடித்தபடி இன்னொரு மீனவரும் நின்றார். அவர் யாரென்று நாம் கேட்கவில்லை.